சீஸ் பிடிக்க எங்கே தொடங்குவது? ஒரே சீஸை மூன்று வயதில் வாங்குங்கள்

பிரான்சின் கிரெனோபிளில் மேற்படிப்புக்கு வந்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஊரில் சீஸ் என்றால் ஸ்லைஸும் பீட்சாவும்தான், இங்கே சூப்பர் மார்க்கெட்டில் ஒரு சுவர் முழுக்க சீஸாக இருக்கிறது, ஆரஞ்சு நிறத் தோலோடு ஒன்றை வாங்கிவந்தால் அறையே நாறி, கூட இருக்கும் பையன் சண்டைக்கு வந்துவிட்டான், அவன் வேறு சைவம், இதில் இவர்கள் கொண்டாட என்னதான் இருக்கிறது, எனக்குப் பிடித்ததை எப்படிக் கண்டுபிடிப்பது, ஊருக்குத் திரும்பினால் இதெல்லாம் கிடைக்குமா என்று. நான் லியோனில் ஒரு சீஸ் கடை கவுண்டருக்குப் பின்னால் பல வருடம் நின்றவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயர் பெயராகத் தேடிப் போகாதீர்கள் தம்பி. பிரான்சில் சீஸ் வகை நூற்றுக்கணக்கில் இருக்கிறது. வாரம் ஒன்று என்று வாங்கினாலும் உங்கள் படிப்பு முடிவதற்குள் முடியாது, அதோடு பத்தாவதை வாங்கும்போது மூன்றாவது எப்படி இருந்தது என்றே மறந்து போயிருக்கும். அதற்குப் பதிலாக ஒரே ஒரு சீஸை எடுத்து, அதையே வெவ்வேறு வயதில் நூறு நூறு கிராம் வாங்கி, ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சாப்பிடுங்கள். உங்கள் நாக்குக்கு என்ன வேண்டும் என்பது அன்றைக்கே பாதி தெரிந்துவிடும். இதற்கு நான் எப்போதும் சொல்வது கோம்தே. விலை தாங்கும், எந்தக் கடையிலும் இருக்கும், நாறாது, அறையில் சண்டை வராது.

கோம்தே என்பது பிரான்சின் கிழக்கு எல்லையில் இருக்கும் ஜூரா மலைப்பக்கத்துச் சரக்கு. மொன்பெலியார்த், பிரெஞ்சு சிமென்தால் என்ற இரண்டு இன மாடுகளின் பாலில்தான் செய்ய வேண்டும், மாட்டுக்குச் சைலேஜ் என்கிற புளிக்கவைத்த தீவனம் கொடுக்கக் கூடாது, பாலை முன்னாடியே காய்ச்சிவிடக் கூடாது, செப்புக் கொப்பரையில்தான் திரிக்க வேண்டும் என்று ஏகப்பட்ட சட்டம். சுற்றுவட்டாரத்துப் பண்ணைக்காரர்கள் பாலைக் கொண்டுவந்து கொட்டும் கூட்டுறவுக் கூடங்கள் அந்த மலையில் நூற்றுக்கும் மேலே இருக்கின்றன, ஃப்ருய்தியேர் என்பார்கள். திரிந்த பாலைக் குறுணை அளவுக்கு நறுக்கி, 53 டிகிரிக்கு மேல் சூடாக்கி, அச்சில் கொட்டி அழுத்தினால் ஒரு பெரிய வட்டு கிடைக்கும். ஒரு வட்டு 40 கிலோ போல இருக்கும், அதற்கு 400 லிட்டர் பால் போகும். அப்புறம் அதை ஸ்ப்ரூஸ் மரப்பலகையில் ஏற்றி, உப்புத் தேய்த்து, திருப்பிப் போட்டு, மறுபடி தேய்த்து, குறைந்தது 120 நாள் வைத்திருந்தால்தான் கோம்தே என்று விற்கலாம். பாதிப் பேர் எட்டு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை வைப்பார்கள். பொறுமைசாலிகள் இரண்டு வருடம், அதற்கு மேலும். செந்த் அந்துவான் கோட்டை என்று 1100 மீட்டர் உயரத்தில் ஒன்று இருக்கிறது, 1870இல் ஜெர்மனியோடு நடந்த போரில் அடிவாங்கிய பிறகு எல்லைக் காவலுக்காகக் கட்டியது. 1966இல் மர்செல் பெத்தி என்ற சீஸ் வியாபாரி அதை எடுத்துக்கொண்டு, பீரங்கி இருக்க வேண்டிய இடத்தில் சீஸை அடுக்கிவிட்டார். மண்மூடிய கல் அறைகள், இயற்கையான குளிர்ச்சி. இப்போது ஒரு லட்சம் வட்டு வரை அங்கே தூங்குகின்றன. ராணுவச் செலவில் இதைவிட உருப்படியாக முடிந்தது வேறு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

வட்டு விற்பனைக்குப் போகும் முன்பு 20க்கு மதிப்பெண் போடுவார்கள். 14க்கு மேலே வாங்கினால் ஓரத்தில் பச்சைப் பட்டை, 12இலிருந்து 14 வரை என்றால் பழுப்புப் பட்டை, 12க்குக் கீழே போனால் கோம்தே என்ற பெயரே கிடையாது. பழுப்பு என்றால் மட்டம் என்று நினைக்காதீர்கள், தோலில் ஒரு சின்னக் குறை இருந்தாலும் மதிப்பெண் குறையும், சுவையில் ஒன்றும் ஆகியிருக்காது.

இப்போது தட்டுக்கு வருவோம். கடையில் எட்டு மாதம், பதினான்கு பதினைந்து மாதம், இரண்டு வருடம் என்று மூன்று துண்டு கேளுங்கள். கடைக்காரர் "ஃப்ருய்தேயா, சாலேயா" என்று கேட்பார், பழச்சுவையா உப்புச்சுவையா என்று. பெரும்பாலும் இளசா முற்றியதா என்பதைத்தான் அப்படிக் கேட்கிறார்கள், ஒன்றில் உப்பை அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. நீங்கள் மாதக் கணக்கையே சொல்லிக் கேளுங்கள், குழப்பம் இருக்காது. வீட்டுக்கு வந்து சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னாடி ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வையுங்கள். இதை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள், ஜில்லென்று இருக்கும் சீஸில் கொழுப்பு இறுகிக் கிடக்கும், வாசனை வெளியே வராது, அந்த நிலையில் எட்டு மாதமும் இரண்டு வருடமும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

எட்டு மாதத் துண்டை விரலில் வைத்து வளைத்துப் பாருங்கள், ரப்பர் போல இல்லாமல் ஆனால் உடையாமல் வளையும். மூக்கருகில் கொண்டுபோனால் பால், வெண்ணெய், கொஞ்சம் பச்சைப் புல். வாயில் போட்டு மெல்லுங்கள், உடனே விழுங்கிவிடாதீர்கள், வாய்ச் சூட்டில் கொழுப்பு இளகிய பிறகு வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மூச்சை விட்டால்தான் முழு வாசனையும் ஏறும். அடுத்து நடுத்தரத் துண்டு. இது வளையாது, மெதுவாக விரிசல் விட்டு ஒடியும். இங்கே வறுத்த வாசனை ஆரம்பிக்கிறது: நம் வீட்டில் வெண்ணெய் காய்ச்சி நெய் இறக்கும்போது அடியில் பழுப்பாகக் கசண்டு தங்குமே, சின்ன வயதில் அதைச் சர்க்கரை போட்டு வழித்துத் தின்றவர்களுக்கு இந்த இடம் உடனே புரியும். இரண்டு வருடத்துத் துண்டு பொலபொலவென்று உதிரும், வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் தெரியும், பல்லில் நறநறக்கும். அது உப்பு இல்லை, டைரோசின் என்ற அமினோ அமிலம் படிகமாகி நிற்பது. பாலின் புரதம் மாதக்கணக்கில் சிதைந்து சிதைந்து அமினோ அமிலங்களாகிறது, அதனால்தான் வயது ஏற ஏற இறைச்சிச் சாறு போன்ற ஒரு ஆழமும், நாக்கின் ஓரத்தில் லேசான காரமும், சில வட்டுகளில் எங்கிருந்தோ வரும் அன்னாசிப் பழ வாசனையும். கோம்தேக்காரர்கள் இந்த வாசனைகளுக்கு 83 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலே வைத்திருக்கிறார்கள், அதை மனப்பாடம் செய்யாதீர்கள், உங்களுக்குத் தோன்றியதை உங்கள் பாஷையில் குறித்து வையுங்கள், அடுத்த முறை அதுதான் உதவும்.

இன்னொன்று, நிறத்தையும் பாருங்கள். கோடையில் மலையில் பச்சைப் புல்லும் பூவும் மேய்ந்த மாட்டுப் பாலில் கரோட்டின் அதிகம், சீஸ் நல்ல மஞ்சளாக இருக்கும். குளிர்காலத்தில் கொட்டிலில் உலர்ந்த புல் தின்ற பாலில் செய்தது தந்த நிறம். கோடை வட்டுதான் உசத்தி என்று சொல்லிக்கொள்வது இங்கே ஒரு பெருமை. எனக்கு உண்மையில் குளிர்கால வட்டு, ஒன்றரை வருடத்தில் இருப்பதுதான் பிடிக்கும், சத்தம் போடாத இனிப்பு அதில் இருக்கிறது. கடைக்கு வரும் பெரியவர்களிடம் இதைச் சொன்னால் பாவமாகப் பார்ப்பார்கள். பிடித்த சீஸ் என்பது இப்படித்தான், பெயரோடு வயதும் பருவமும் சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒன்று. "எனக்குக் கோம்தே பிடிக்காது" என்பவர்களில் பாதிப் பேர் நாலு மாதத்து, பிளாஸ்டிக்கில் அடைத்த ஒன்றை மட்டும் சாப்பிட்டவர்கள்.

சரி, மூன்றில் எது முதலில் தீர்ந்தது என்று பாருங்கள். அதுதான் உங்களுக்கான வழிகாட்டி.

இளசு தீர்ந்திருந்தால் உங்களுக்குப் பால் சுவையும் மென்மையும் வேண்டும். அதே ஜூராவின் மோர்பியே இருக்கிறது, நடுவில் கறுப்புக் கோடு ஓடும். அந்தக் காலத்தில் மாலைப் பாலில் செய்ததை மறுநாள் காலைப் பால் வரும்வரை காக்கத் தூவிய சாம்பல், இப்போது அழகுக்கு. உங்கள் பக்கத்து சவோய் மலையில் ரெப்லோஷோன் இருக்கிறது, அதன் கதை ஒரு திருட்டுக் கதை: கறந்த பாலை அளந்து நிலக்காரருக்குப் பங்கு கொடுக்க வேண்டும் என்பதால், அவர் ஆள் வரும் நேரத்தில் பாதி மட்டும் கறந்து காட்டிவிட்டு, அவர் போன பிறகு மீதியைக் கறந்தார்கள். கடைசியில் வரும் பாலில்தான் கொழுப்பு அதிகம், அந்தப் பாலில் செய்த சீஸ். வாங்கும்போது மேலே ஒட்டியிருக்கும் வட்ட வில்லையைப் பாருங்கள், பச்சை என்றால் ஒரே பண்ணையின் பாலில் அங்கேயே செய்தது, சிவப்பு என்றால் பல பண்ணைப் பாலைச் சேர்த்துக் கூடத்தில் செய்தது. இரண்டு மூன்று யூரோ கூடப் போனாலும் பச்சையை எடுங்கள்.

நடுத்தரம் தீர்ந்திருந்தால் சவோயின் போஃபோர், சுவிஸ் க்ரூயேர் என்று அதே குடும்பத்துக்குள் சுற்றலாம். போஃபோரில் "ஷலே தால்பாஜ்" என்று எழுதியதைக் கண்டால் விடாதீர்கள், கோடையில் 1500 மீட்டருக்கு மேலே ஒரே மந்தையின் பாலில் மலைக்குடிலிலேயே செய்தது.

முற்றியது தீர்ந்திருந்தால் உலகம் பெரியது. இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோ, அதைத் துருவிப் பாஸ்தாவில் தூவும் பொடி என்று மட்டும் நினைத்தவர்கள் இரண்டு வருடத்துத் துண்டு ஒன்றை அப்படியே கையில் உடைத்துச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்த ஊர் வங்கி ஒன்று, கிரெதெம் என்று பெயர், சீஸ் வட்டுகளை அடமானமாக வாங்கிக்கொண்டு செய்பவர்களுக்குக் கடன் கொடுக்கிறது. நாம் நகைக்கு வாங்குவதை அவர்கள் சீஸுக்கு வாங்குகிறார்கள், அவ்வளவுதான். நெதர்லாந்தின் பழைய கௌடா, கேரமல் இனிப்போடு, இனிப்புப் பிரியர்களுக்கு. இங்கிலாந்தின் துணி சுற்றிய செடார், சாமர்செட் பக்கத்துப் பண்ணைகளில் செய்வது, மண்வாசனையும் புளிப்பும் கலந்து வரும். ஊரில் பாக்கெட்டில் பார்த்த செடாருக்கும் இதற்கும் பெயர்தான் ஒன்று. இரண்டாம் உலகப் போரில் ரேஷனுக்காக அங்கே பாலை எல்லாம் ஒரே மாதிரி செடாராக்கச் சொன்னதில் பண்ணைச் சீஸ் தொழில் கிட்டத்தட்ட அழிந்தேவிட்டது, இப்போது சாப்பிடக் கிடைப்பது மிச்சம் பிழைத்தவர்களும் திரும்ப ஆரம்பித்தவர்களும் செய்வது.

இனி அந்த ஆரஞ்சுத் தோல் நாற்றம். நீங்கள் வாங்கியது முன்ஸ்தேராகவோ எப்வாஸாகவோ இருக்கும். இவற்றின் தோலை உப்புத் தண்ணீரில், எப்வாஸ் என்றால் பர்கண்டிச் சாராயமும் சேர்த்து, அடிக்கடி கழுவித் துடைப்பார்கள். ஈரமும் உப்பும் இருக்கும் இடத்தில் ப்ரெவிபாக்டீரியம் லினென்ஸ் என்ற பாக்டீரியா நன்றாக வளரும். அதன் நெருங்கிய சொந்தக்காரர்தான் நம் கால் விரல் இடுக்கில் குடியிருப்பவர், ஆக உங்கள் அறைத்தோழன் ஷூ நாற்றம் என்று சொல்லியிருந்தால் அவன் மூக்கு சரியாகத்தான் வேலை செய்கிறது. மலேரியா பரப்பும் கொசு, இதே வகையைச் சேர்ந்த லிம்பர்கர் சீஸ் வாசனைக்கும் மனிதக் கால் வாசனைக்கும் ஒரேபோல வருகிறது என்று காட்டியதற்காக 2006இல் இக் நோபல் பரிசே, வேடிக்கையான ஆராய்ச்சிகளுக்குக் கொடுப்பது, கொடுத்திருக்கிறார்கள். ஆனால் நாற்றம் பெரும்பாலும் தோலில்தான். உள்ளே இருக்கும் சதை பாலேடு போல மென்மையாக, வாசனை மிரட்டுவதில் பாதிகூட இருக்காது. அடுத்த முறை தோலை வெட்டிவிட்டு, வேகவைத்த உருளைக்கிழங்கின் மேல் ஒரு துண்டு வைத்துச் சீரகம் தூவிச் சாப்பிடுங்கள். சீரகம் நான் கண்டுபிடித்ததில்லை, முன்ஸ்தேரோடு சீரகம் வைப்பது அது பிறந்த அல்சாஸ் பகுதிக்காரர்கள் வழக்கமே.

நீலப் பூஞ்சை ஓடும் சீஸை எடுத்தவுடன் ரோக்ஃபோரில் ஆரம்பித்துவிட்டு அலறுபவர்கள் பலர். அது ஆட்டுப்பால், செம்மறி, உப்பும் காரமும் முழு வேகத்தில் இருக்கும். நீங்கள் இருக்கும் கிரெனோபிளுக்கு மேலே வெர்கோர் மலையில் ப்ளூ து வெர்கோர்-சஸ்னாஜ் என்று ஒன்று செய்கிறார்கள், நீலங்களில் இதைவிடச் சாது கிடையாது, அதில் ஆரம்பியுங்கள். பிடித்தால் ஃபூர்ம் தாம்பேர், அப்புறம்தான் ரோக்ஃபோர், அதுவும் ஒரு சொட்டுத் தேனோடு.

அதோடு உங்கள் பக்கத்து ஊர் செந்-மர்செலன். கிரெனோபிளிலிருந்து வலான்ஸ் போகும் ரயில் அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. உள்ளங்கை அளவு வட்டு, எண்பது கிராம் போல இருக்கும். உங்கள் பக்கத்தில் இதைக் கொஞ்சம் காயவிட்டு, கெட்டியாகச் சாப்பிடுவார்கள். எங்கள் லியோனில் கிண்ணத்தில் வைத்தால்தான் நிற்கும் என்ற அளவுக்கு இளகவிட்டு, ரொட்டியால் தொட்டுச் சாப்பிடுவோம். ஒரே சீஸ், இரண்டு கட்சி. நான் லியோன் கட்சி.

வாங்குவது பற்றி: முடிந்தவரை கவுண்டரில் வெட்டித் தரும் கடை, அல்லது வாரச் சந்தை. சுவைத்துப் பார்க்கக் கேட்பதில் கூச்சமே வேண்டாம், கூட்டம் இல்லாத நேரத்தில் போனால் அவர்களே ஊட்டிவிடுவார்கள். நூறு கிராம் மட்டும் கேட்டாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். கோம்தே கிலோ இருபது யூரோவிலிருந்து முப்பதைத் தாண்டியும் போகும், நூறு கிராம் கணக்கில் பார்த்தால் மாணவர் பட்ஜெட்டுக்கு அடங்கும். வீட்டில் கடைத் தாளிலேயே சுற்றி, ஒரு டப்பாவில் போட்டு, ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் வையுங்கள், டப்பா இருந்தால் அறைத்தோழனும் நிம்மதியாக இருப்பான். பிளாஸ்டிக் உறையை இறுக்கிச் சுற்றினால் வியர்த்துப் போகும். கெட்டிச் சீஸில் மேலே பூஞ்சை படிந்தால் சுற்றிலும் இரண்டரை சென்டிமீட்டர் வெட்டிப் போட்டுவிட்டுச் சாப்பிடலாம், ஈரமான புதுச் சீஸில் படிந்தால் தூக்கி எறியுங்கள். கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் காய்ச்சாத பாலில் செய்த மென்மையான சீஸைத் தவிர்க்க வேண்டும், விருந்துக்கு யாராவது வந்தால் இதைச் சொல்லிவிட்டு வையுங்கள். பால் குடித்தால் வயிறு உப்பும் என்பவர்கள் பயப்படாமல் முற்றிய சீஸ் சாப்பிடலாம், அதில் லாக்டோஸ் ஏறக்குறைய மிச்சமே இருக்காது.

சைவம் என்ற விஷயம் முக்கியம், இதை இங்கே வரும் நம்மவர் பலர் தெரியாமலே கடந்துவிடுகிறார்கள். பாலைத் திரிக்கப் பயன்படும் ரென்னட், பாரம்பரிய முறையில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுப்பது. கோம்தே, பார்மிஜானோ, க்ரூயேர், ரோக்ஃபோர் எல்லாமே விலங்கு ரென்னட்டில் செய்தவைதான். ஆகவே உங்கள் அறைத்தோழனுக்கு ஆசையாக ஒரு துண்டு நீட்டும் முன் சொல்லிவிடுங்கள், தெரிந்து வேண்டும் என்றால் அவன் பாடு. அவனுக்கென்று தேடினால் உறையில் "ப்ரெசூர்" (விலங்கு ரென்னட்) என்று இருந்தால் விட்டுவிடுங்கள், "கோஆக்யுலான் மிக்ரோபியன்" (நுண்ணுயிரிலிருந்து எடுத்த திரிப்பான்) என்று இருந்தால் எடுக்கலாம். இங்கிலாந்துச் சீஸ்கள் நிறைய இப்படி இருக்கும். போர்ச்சுகலின் செரா த எஷ்த்ரேலா இன்னும் சுவாரசியம், ஒரு முள்செடியின் பூவை ஊறவைத்த தண்ணீரில் செம்மறிப் பாலைத் திரிக்கிறார்கள், லேசான கசப்போடு, மேல்மூடியைச் சீவிவிட்டுக் கரண்டியால் எடுத்துச் சாப்பிடும் பதத்தில் இருக்கும். விலை அதிகம், ஆனால் அந்தப் பையனிடம் நடந்த சண்டைக்குச் சமாதானமாக வாங்கித்தரத் தகுதியான சரக்கு.

ஊரில் கிடைக்குமா என்றால், கோம்தே போன்றவை சென்னையில் இறக்குமதிக் கடைகளில் அபூர்வமாகக் கிடைக்கும், விலையைப் பார்த்தால் மனசு வராது. ஆனால் ஆரோவில்லில் லா ஃபெர்ம் என்ற பண்ணை பல வருடமாகச் சீஸ் செய்கிறது, கொடைக்கானலில் செய்கிறார்கள், சென்னையிலும் கையால் செய்பவர்கள் இருக்கிறார்கள். பச்சைப் புள்ளி போட்டு வருவதில் கன்றுக்குட்டி ரென்னட் இருக்காது. ஐரோப்பியப் பெயரைத் தேடாமல், அவர்கள் கொஞ்ச மாதம் வைத்திருந்து விற்பது எது என்று கேட்டு அதை வாங்குங்கள். புதுசாகச் செய்து உடனே விற்பதும், நாலைந்து மாதம் வைத்ததும் இரண்டும் இருந்தால், இரண்டிலும் நூறு கிராம்.